ஈரல் உரைக்கும் வரலாறு

மனிதன் தன் உயிர் உடலில் எங்கே உறைகின்றது என்று எண்ணத் தொடங்கிய நாள் முதலாக, உறுப்புக்களுள் ஒன்றை அரசனாக்கி மற்றையவற்றை அதற்கு ஏவலாளராக்கி வந்திருக்கின்றான். இன்று அச்சிங்காசனத்தில் இதயம் வீற்றிருக்கின்றது. காதலுக்கும் கருணைக்கும் வீரத்துக்கும் நாம் இதயத்தையே சாட்சிக்கு அழைக்கின்றோம். ஆனால் மேலை ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் நெடுங்காலம் அந்த ஆசனத்தில் அமர்ந்திருந்தது, இன்று இறைச்சிக்கடைத் தட்டில் மட்டும் நம் கண்ணிற்படும் ஈரலேயாகும். அது அரசிருக்கை ஏறியதும், இறங்கியதும், வேறொரு வகையில் மீண்டும் ஏறியதும் மனித அறிவின் வரலாற்றில் ஒரு சுவையான அதிகாரம். அதனை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

பலிபீடத்திலே

இற்றைக்கு ஏறக்குறைய நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன், யூபிரற்றீசு, தைகிரிசு ஆற்றுவெளியில் வாழ்ந்த பாபிலோனியர், தெய்வங்கள் தம் எண்ணத்தை ஆட்டின் ஈரலில் எழுதுகின்றன என்று நம்பினர். போருக்குப் போகலாமா, அரசன் பிழைப்பானா என்ற வினாக்களை நிமித்திகன் பலியாட்டின் காதிலே மெல்லச் சொல்லுவான். சூரிய தெய்வமாகிய சமாசும் புயற்றெய்வமாகிய அதாதும் அதற்கு விடையெழுத வேண்டுமென்று வேண்டுவான். பின்னர் ஆட்டை அறுத்து ஈரலை எடுத்து, அதன் மேடு பள்ளங்களையும் கோடுகளையும் புள்ளிகளையும் வாசிப்பான். ஈரலின் ஒரு பகுதிக்கு 'அரண்மனை வாயில்' என்று பெயர். ஒன்றுக்கு 'வழி' என்று பெயர். மற்றொன்றுக்கு 'விரல்' என்று பெயர். ஒரு சிறு கோடு இடம் மாறியிருந்தால் ஒரு படையெடுப்பே நின்றுபோகும்.

இக்கலையைக் கற்பிப்பதற்குக் களிமண்ணால் ஈரலின் உருவங்கள் செய்து, அவற்றின்மேல் குறிப்புக்கள் பொறித்தனர். மாரி என்னும் பண்டை நகரின் அரண்மனையில் இத்தகைய உருவங்கள் 32 கிடைத்தன. கி. மு. 1900க்கும் 1600க்கும் இடைப்பட்ட ஒன்று இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் இருக்கின்றது. விவிலியத்தின் எசேக்கியேல் ஆகமத்திலே பாபிலோன் மன்னன் இரு வழிகள் பிரியும் இடத்தில் நின்று, அம்மோனியரின் நகரைத் தாக்குவதா, எருசலேமைத் தாக்குவதா என்று அறிய ஈரலைப் பார்த்தான் என்ற செய்தி வருகின்றது. களிமண் உருவங்களும் ஆகமமும் ஒன்றுக்கொன்று சான்றாக நிற்றல் கவனிக்கத்தக்கது.

இக்கலை மேற்றிசை நோக்கியும் பரந்தது. இத்தாலியில் உரோமருக்கு முன் சிறப்புற்றிருந்த எற்றூரியர் இதில் வல்லவராயிருந்தனர். 1877ஆம் ஆண்டில் பியாசென்சா நகருக்கு அண்மையிலுள்ள வயலொன்றில், வெண்கலத்தாற் செய்த ஆட்டீரல் ஒன்று அகப்பட்டது. அதன் விளிம்பு 16 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, மேற்பரப்பெங்கும் தெய்வங்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வானமண்டலம் முழுவதையும் ஓர் உள்ளங்கை அளவான ஈரலுக்குள் அடக்கிவிட்டனர் போலும்! உரோமரும் இந்நிமித்திகரைப் பேணினர். ஆயினும் ஐயம் எழாமலில்லை. ஒரு நிமித்திகன் மற்றொரு நிமித்திகனை வழியிற் கண்டால் எவ்வாறு சிரியாதிருக்கின்றான் என்று கேற்றோ என்ற பெரியார் வியந்ததாகச் சிசரோ எழுதி வைத்திருக்கின்றார்.

இத்துணை உறுப்புக்கள் இருக்க ஈரலை ஏன் தெரிந்தனர்? காரணம் எளிது. அறுத்த விலங்கின் உள்ளே மிகப் பெரியதும், மிகுந்த இரத்தம் தோய்ந்ததும், சூடு நீங்காததும் அதுவே. இரத்தமே உயிரென்று எண்ணியவர்க்கு, இரத்தம் நிறைந்த உறுப்பு உயிரின் இருப்பிடமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

சொல்லிலே

பலிபீடங்கள் மறைந்தன, சொற்கள் மறையவில்லை. எபிரேய மொழியில் ஈரலைக் குறிக்கும் சொல்லும் பாரம் என்பதைக் குறிக்கும் சொல்லும் ஒன்றே. மகிமை என்னும் சொல்லும் அவ்வேரிலிருந்தே பிறந்தது. எருசலேமின் அழிவைப் பாடிய புலம்பல் ஆகமக் கவிஞன், தன் ஈரல் தரையிலே ஊற்றுண்டதென்று அழுகின்றான். தமிழ் விவிலியம் அவ்விடத்தில் ஈரல் என்ற சொல்லையே காத்து வைத்திருக்கின்றது. பிற்கால ஆங்கில மொழிபெயர்ப்புக்கள் சில அதனை இதயம் என்று மாற்றிவிட்டன. ஒரு துயரம் இடம்பெயர்ந்த வரலாறு அந்த ஒரு சொன்மாற்றத்தில் அடங்கியிருக்கின்றது.

பாரசீகத்தின் 'சிகர்' என்னும் சொல் உருதுவிலும் இந்தியிலும் புகுந்து, ஈரலையும் துணிவையும் ஒருங்கே உணர்த்துகின்றது. பெற்ற பிள்ளையை 'ஈரலின் துண்டு' என்று கொஞ்சுதல் அம்மொழிகளின் வழக்கு. அரபு மொழியிலும் இவ்வழக்குண்டு. மலாய் மொழியிலே 'ஆத்தி' என்பது ஈரல். அதுவே உள்ளமும் ஆகும். அச்சொல்லை இரட்டித்துச் சொன்னால் 'கவனம்' என்று பொருள்படும். சீனர், உண்மை நண்பர் ஈரலும் பித்தப்பையும் தெரியப் பழகுவர் என்பர். யப்பானியர்க்குத் தைரியசாலி என்பவன் பருத்த ஈரலுடையவன். ஆங்கிலத்திலோ கோழையின் ஈரல் வெளிறியது. பயந்து வந்த ஏவலாளனை மக்பெத்து வைதபோது, சேக்சுபியர் அவனுக்கு அல்லி நிறத்து ஈரலைக் கொடுத்தார். இரத்தமற்ற ஈரலில் துணிவு ஏது என்பது கருத்து.

இனி நம் மொழிக்கு வருவோம். தமிழிலே கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என மூன்று உறுப்புக்கள் ஒரு பெயரின் கீழ் நிற்கின்றன. மேனாட்டார் வெவ்வேறு பெயரிட்ட உறுப்புக்களைத் தமிழர் ஒரு குடும்பமாகக் கண்டு, கல், மண், நுரை என்று அடைகொடுத்துப் பிரித்தனர். துருக்கியரும் இவ்வாறே ஈரலைக் கரிய ஈரல் என்றும் நுரையீரலை வெள்ளை ஈரல் என்றும் வழங்குவர். விலங்கை அறுத்துப் பங்கிட்ட கைகள் கண்ட ஒற்றுமை இது என்று கொள்ளலாம். இன்றும் பேரச்சம் வந்தால் நம்மவர் 'ஈரற்குலை நடுங்குகின்றது' என்றே சொல்வர். இதயம் நடுங்குவதாகச் சொல்வது ஏட்டு வழக்கு. ஈரற்குலை நடுங்குவது வீட்டு வழக்கு.

மருத்துவத்திலே

வடமொழியில் 'யக்ருத்' என்பதும் கிரேக்கத்தில் 'ஏப்பார்' என்பதும் ஒரே மூலத்திற் பிறந்த சொற்கள் என மொழியறிஞர் கூறுவர். சொல்லில் உள்ள உறவு போலவே கருத்திலும் ஓர் ஒற்றுமை காணப்படுகின்றது. ஆயுள்வேதம் ஈரலையும் மண்ணீரலையும் இரத்தத்தின் மூலத்தானங்களாகக் கொண்டது; அங்குள்ள பித்தம் ஒன்று உணவின் சாரத்துக்குச் செந்நிறமூட்டி இரத்தமாக்குகின்றது என்றது. கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க வைத்தியர் கேலன், உண்ட உணவு ஈரலுக்குச் சென்று இரத்தமாகி, நாளங்கள் வழியே உடலெங்கும் பாய்கின்றது என்றார். கருவிலுள்ள சிசுவுக்குச் சிலகாலம் ஈரலே இரத்தம் ஆக்குகின்றது என்பது இன்று நாம் அறிந்த உண்மை. ஆயினும் பண்டையோர் அதனை அறிந்தே சொன்னார்கள் என்று கூறுதல் பொருந்தாது. அவர்கள் நன்றாகக் கண்டனர், சோதித்துப் பார்க்கவில்லை. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடே விஞ்ஞானத்தின் வரலாறு.

கேலனின் வாக்கு ஐரோப்பாவை ஆயிரத்து நானூறு ஆண்டுகள் ஆண்டது. விலங்குகளை அறுத்து அவர் எழுதியதை நம்பி, மனித ஈரலுக்கு ஐந்து மடல்கள் என்று கற்பித்து வந்தனர். வெசாலியசு என்னும் இளைஞரும் 1538இல் வெளியிட்ட படத்தில் ஐந்து மடல்களையே வரைந்தார். ஐந்தாண்டுகள் தம் கையாலேயே மனித உடல்களை அறுத்துப் பார்த்த பின், 1543இல் தம் பெருநூலிற் படத்தைத் திருத்தினார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தெட்டு!

பின்னர் அடிமேல் அடி விழுந்தது. 1628இல் வில்லியம் ஆர்வி, இரத்தம் இதயத்திலிருந்து சென்று இதயத்துக்கே திரும்புகின்றது என்று நிறுவினார். 1651இல் பிரான்சு நாட்டுப் பெக்கே, உணவின் பாற்சாரம் ஈரலுக்குச் செல்லாமல் மார்பிலுள்ள குழாய் வழியே நேரே இரத்தத்திற் கலப்பதைக் காட்டினார். 1653இல் தென்மார்க்கு அறிஞர் தோமசு பார்தொலின், அரசுரிமை இழந்த ஈரலுக்கு ஒரு கல்லறை வாசகமே எழுதிவிட்டார்.

ஆனால் இறந்ததாகக் கருதிய ஈரல் இறக்கவில்லை. 1848இல் கிளோட் பேர்ணாட் என்பார், உணவிற் சர்க்கரை இல்லாதபோதும் ஈரல் தானே சர்க்கரையை ஆக்குவதைக் கண்டார்; 1857இல் அது சேமித்து வைக்கும் கிளைக்கோசனைப் பிரித்தெடுத்தார். பித்தம் சுரத்தல், நஞ்சகற்றல், இரத்தம் உறைவதற்கு வேண்டிய புரதங்களை ஆக்கல் என்று அதன் பணிகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. நிமித்திகனின் ஈரல் மாண்டது. உழைப்பாளியின் ஈரல் பிறந்தது.

இவ்வறிவு நம் மண்ணுக்குத் தமிழிலேயே வந்தது என்பதை மறத்தலாகாது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிசுக் கிறீன், மானிப்பாயிலே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தார். 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெருநூல் வெளிவந்தது. உயர்ந்த விஞ்ஞானத்தைத் தாய்மொழியிற் சொல்லமுடியுமா என்று இன்றும் ஐயுறுவோர்க்கு அது தக்க விடையாகும்.

புரோமீத்தியசும் தாயும்

தேவர்களிடமிருந்து நெருப்பைத் திருடி மனிதருக்களித்த புரோமீத்தியசு பாறையிற் கட்டுண்டான். பகலிற் கழுகு அவன் ஈரலைத் தின்றது. இரவில் அது மீண்டும் வளர்ந்தது. இது கிரேக்கர் கதை. 1931இல் ஆய்வாளர் எலியின் ஈரலில் மூன்றிலிரண்டு பங்கை வெட்டியெடுத்தபோது, எஞ்சியது சில கிழமைகளில் பழைய நிறைக்கு வளர்ந்துவிட்டது. கிரேக்கர் இதனை அறிந்து கதை புனைந்தனர் என்பதற்குச் சான்றில்லை. ஆனால் கதை கண்ட கனவை அறிவு மெய்யாக்கிவிட்டது. 1963இல் தோமசு சிராசில் மனிதருள் முதன்முதலாக ஈரல் மாற்றுச் சிகிச்சையைச் செய்தார். 1989இல் அவுத்திரேலியாவின் பிறிசுபேன் நகரில், யப்பானியத் தாயொருத்தியின் ஈரலில் ஒரு பகுதியை எடுத்து அவள் மகனுக்குப் பொருத்தினர், சிகிச்சை வெற்றியளித்தது. பிள்ளையை ஈரலின் துண்டென்ற பழஞ்சொல், அன்று வெறுஞ்சொல்லாய் நிற்கவில்லை.

இன்றைய நிமித்தம்

ஈரலில் விதியைப் பார்த்தவனை நாம் நகைக்கின்றோம். ஆனால் நம் விதி அதனுள் இருக்கின்றதென்பது ஒருவகையில் உண்மையாகி வருகின்றது. 2022ஆம் ஆண்டின் கணக்குப்படி உலகில் 25 கோடிக்கு மேற்பட்டோர் ஈரலழற்சி 'பி' வைரசுடன் வாழ்ந்தனர் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அவ்வைரசைக் கண்டறிய வழிகோலிய புளும்பேர்க் என்பார்க்கு 1976இல் நோபல் பரிசு கிடைத்தது, தடுப்பூசியும் வந்தது.

செங்கமாரி கண்டால் கீழ்காய்நெல்லியை நாடுதல் நம் மரபு. இம்மரபை அவர் இகழவில்லை; சோதித்துப் பார்த்தார். 1988இல் சென்னை அறிஞர் தியாகராசனும் அவரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், அம்மூலிகையை உண்ட 37 பேருள் 22 பேரின் இரத்தத்தில் வைரசின் அடையாளம் மறைந்ததாகக் கண்டனர். உலகம் வியந்தது. ஆனால் பிறநாடுகளில் நடந்த பிற்கால ஆய்வுகள் அப்பயனை உறுதிப்படுத்தவில்லை. மரபைச் சோதனைக்கு உட்படுத்தல் அதனை அவமதித்தலன்று. அதனை மெய்யாக மதித்தலேயாம். கண் மஞ்சளித்தவன் மூலிகையை மட்டும் நம்பிப் பத்தியம் காத்து, வைத்தியசாலைக்குப் பிந்திச் செல்லும்போது, விலைகொடுப்பது மரபன்று; அவன் குடும்பமே.

இன்னுமொன்று. உரோமர் வாத்துக்கு அத்திப்பழம் ஊட்டி, அதன் ஈரலைக் கொழுக்கச் செய்து உண்டனர். அத்தியூட்டிய ஈரல் என்ற அடைமொழியே நாளடைவில் ஈரலுக்குப் பெயராகி, இத்தாலியம், பிரெஞ்சு, இசுப்பானியம் ஆகிய மொழிகளில் இன்றும் வழங்குகின்றது. இன்று வாத்துக்குச் செய்ததை மனிதன் தனக்குத் தானே செய்துகொள்கின்றான். இலங்கையின் இராகமைப் பகுதியில் நடுவயதினரிடையே நடந்த ஆய்வொன்று, மூவருள் ஒருவர்க்கு ஈரலிற் கொழுப்புப் படிந்திருந்ததைக் காட்டியது. மதுவருந்தாதவரிடமும் இந்நோய் உண்டு. மதுவோ ஈரலுக்கு நேரடி நஞ்சு. பெரும்பாலும் ஈரல் நோவதில்லை, முறையிடுவதில்லை. அது பேசத் தொடங்கும்போது காலம் கடந்திருக்கும்.

பாபிலோனிய நிமித்திகன் ஆட்டின் ஈரலை வெட்டி நாளைய செய்தியைத் தேடினான். நமக்கு அது வேண்டியதில்லை. ஒரு துளி இரத்தப் பரிசோதனையும், பிறந்த சிசுவுக்கு ஒரு தடுப்பூசியும், உணவிலே அளவும், மதுவை மறுக்கும் துணிவும் போதும். துணிவுக்கு ஈரலையே இருப்பிடமாக்கிய முன்னோர் சொல்லை, அந்த ஈரலைக் காக்கும் துணிவினால் இளைஞராகிய நாம் மெய்ப்பிப்போமாக.