பாட்டி குரலும் கம்ப்யூட்டர் இரைச்சலும்

2006ல் புனேயில் குடியிருந்தபோது நடந்த கூத்து இது. சித்தப்பா குவைத்தில் இருந்த காலத்தில் பாட்டி பேசி அனுப்பிய கேசட் ஒன்று என்னிடம் வந்து சேர்ந்தது. பாட்டியின் குரல் என்று எங்களிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். நாடா நைந்துபோவதற்குள் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாமென்று நண்பரிடம் ஒரு டெக்கை இரவல் வாங்கி, ஒயரை மாட்டினேன். பாட்டி பேச ஆரம்பித்ததும் பின்னால் ஒரே 'உர்ர்ர்'. மவுஸை நகர்த்தினால் 'கீச் கீச்'. "பாட்டி பேசறாங்களா, மிக்ஸி ஓடுதா?" என்றார் தங்கமணி :-)

அன்று கடுப்பில் தேடிப் படித்ததில் தெரிந்தது, இந்த இரைச்சலுக்கும் ஒரு சரித்திரம் உண்டு!

1964ல் ஐஸ்லாந்துக்கு ஐ.பி.எம் 1401 என்ற கம்ப்யூட்டர் வந்தது. அதன் பராமரிப்புப் பொறியாளர் யோஹன் குன்னர்சன். மெமரியிலிருந்து கிளம்பும் மின்காந்த அலைகள் பக்கத்திலிருக்கும் ரேடியோவில் கேட்கும் அல்லவா, அது பாட்டாக ஒலிக்கும்படி புரோகிராம் எழுதினார். 1971ல் அந்த இயந்திரம் ஓய்வு பெற்றபோது அதன் 'குரல்' நாடாவில் பதிவாகி இருந்தது. பின்னாளில் இசையமைப்பாளரான அவர் மகன், அப்பாவின் அந்த நாடாவை வைத்து ஓர் இசைத்தொகுப்பே செய்து 2006ல் வெளியிட்டார்.

1975ல் அமெரிக்காவில் ஸ்டீவ் டாம்பியர் என்பவருக்கும் இதே அனுபவம். அவருடைய ஆல்டேர் 8800ல் திரையும் கிடையாது, கீபோர்டும் கிடையாது. முகப்பு சுவிட்சுகளைத் தட்டித்தான் புரோகிராம் ஏற்றவேண்டும். அது ஓடும்போது பக்கத்திலிருந்த ரேடியோ கத்தியது. மனுஷன் சலித்துக்கொள்ளவில்லை. அந்தக் கத்தலையே பீட்டில்ஸ் பாட்டாக்கி ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்பில் கைதட்டல் வாங்கிவிட்டார்!

எல்லோரும் ரசிக்கவில்லை. 1979ல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம், கம்ப்யூட்டர்கள் எவ்வளவு அலை கக்கலாம் என்று வரம்பு போட்டது. அதற்குள் அடங்காததால் நன்றாக விற்றுக்கொண்டிருந்த டி.ஆர்.எஸ்-80 முதல் மாடலின் விற்பனையை 1981 தொடக்கத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று.

இதிலிருந்து நான் படித்த பாடம்: ஸ்பீக்கர் பாவம். உள்ளே மின்சாரம் செய்வதைத்தான் அது ஒப்பிக்கிறது. சத்தம் எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று காது கொடுத்தால் குற்றவாளி சிக்குவான்.

மவுஸோடு வந்த 'கீச்', பெட்டிக்குள்ளிருந்து கசிவது. வால்யூம் கன்ட்ரோலில் நான் பயன்படுத்தாத மைக், சி.டி. இரண்டையும் மியூட் செய்ததும் அடங்கியது. 'உர்ர்' மட்டும் நின்றபாடில்லை. டெக் ஒரு சுவரில், கம்ப்யூட்டர் இன்னொரு சுவரில். எர்த் இரண்டு வழியாகப் போய், நடுவில் ஆடியோ ஒயர் ஒரு வளையத்தை உண்டாக்கியிருந்தது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினேன். கப்சிப்! (சிலர் எர்த் பின்னையே கழற்றிவிடுவார்கள். சத்தம் போகும், ஷாக் அடித்தால் உயிரும் போகும். வேண்டாம்.)

மறுபடி ஓடவிட்டேன். "வேளைக்குச் சாப்பிடுறியாடா?" என்றாள் பாட்டி. முதல்முறை கேட்டபோது இரைச்சலில் அமுங்கிப்போயிருந்த வரி அது. தங்கமணி கிண்டல் பண்ணவில்லை. நானும் மவுஸைத் தொடவில்லை.