ஆப்பிரிக்கப் பெரும்பிளவு: இழுவிசையா, அமுக்கவிசையா?

கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கு என்பது எத்தியோப்பியாவின் அஃபார் தாழ்நிலத்தில் தொடங்கி, கென்யா, தான்சானியா நாடுகளைக் கடந்து மொசாம்பிக் வரை 3,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் நிலப்பிளவுத் தொடராகும். துர்க்கானா, தங்கனீக்கா, மலாவி முதலிய ஏரிகள் இப்பிளவின் பள்ளங்களில் அமைந்தவை.

பள்ளத்தாக்கு என்றாலே ஆறு அரித்து உண்டாக்கியது என்றுதான் பொதுவாக எண்ணுகிறோம். இங்கு அது பொருந்தாது. தங்கனீக்கா ஏரியின் ஆழம் ஏறத்தாழ 1,470 மீட்டர். அதன் அடித்தளம் கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 700 மீட்டரில் உள்ளது. கடலை நோக்கி ஓடும் எந்த ஆறும் கடல் மட்டத்துக்கு அவ்வளவு கீழே நிலத்தை அரிக்க முடியாது. ஆகவே நிலமே உள்வாங்கியிருக்க வேண்டும். எந்த விசை அதை உள்வாங்கச் செய்தது என்னும் கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்க முக்கால் நூற்றாண்டு ஆயிற்று.

சூயஸும் கிரிகரியும்

1887-88ஆம் ஆண்டுகளில் டெலக்கி, ஹோனல் ஆகியோர் இப்பகுதியில் பயணம் செய்தனர். அவர்கள் கொண்டுவந்த குறிப்புகளை ஆராய்ந்த ஆஸ்திரிய நிலவியலாளர் எடுவார்ட் சூயஸ், புவி மேலோடு இழுபட்டுப் பிளந்ததால் இப்பள்ளம் தோன்றியது என்று 1891இல் எழுதினார். அவர் ஆப்பிரிக்காவுக்குச் சென்று அதை நேரில் கண்டவர் அல்லர்.

நேரில் கண்டவர் பிரித்தானிய நிலவியலாளர் ஜான் வால்டர் கிரிகரி. 1893இல் அவர் மொம்பாசாவிலிருந்து நடைப்பயணமாகப் பாரிங்கோ ஏரி வரை சென்றார். ஏறத்தாழ இணையாக ஓடும் இரண்டு பிளவுகளுக்கு இடையே இருந்த நிலப்பகுதி கீழே இறங்கியதால் பள்ளத்தாக்கு உருவானது என்பது அவர் கண்ட முடிவு. ‘பிளவுப் பள்ளத்தாக்கு’ என்னும் பொருளுடைய ஆங்கிலப் பெயரைச் சூட்டியவரும் அவரே. 1896இல் வெளிவந்த அவருடைய நூல் அப்பெயரை உலகறியச் செய்தது.

அமுக்கவிசை வாதம்

இழுவிசைக் கருத்தை எல்லோரும் ஏற்கவில்லை. 1920களில் வேலண்ட் என்பவர் இதற்கு நேர்மாறான கருத்தை முன்வைத்தார். இருபுறமும் உள்ள நிலங்கள் நெருங்கி, நடுப்பகுதியின் மேல் ஏறி, அதைக் கீழே அழுத்திவிட்டன என்றார் அவர்.

1936இல் எட்வர்ட் புல்லார்ட் வெளியிட்ட அளவீடுகள் இக்கருத்துக்கு வலுச் சேர்த்தன. அவர் ஊசல் கருவி கொண்டு கிழக்கு ஆப்பிரிக்காவின் பல இடங்களில் ஈர்ப்புவிசையை அளந்தார். பள்ளத்தாக்கின் மேல் அது எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. எடை குறைந்த நிலத்துண்டு தானே மிதந்து மேலெழ வேண்டும். அது எழாமல் இருப்பதால் பக்கங்களிலிருந்து ஏதோ ஒன்று அதை அமுக்கிப் பிடித்திருக்கிறது என்று அவர் கருதினார்.

அளவீடு சரியானது, அதற்குக் கூறப்பட்ட பொருள்தான் பிழையானது. பள்ளத்தை நிரப்பியுள்ள அடர்த்தி குறைந்த வண்டலும் எரிமலைச் சாம்பலும், அடியில் உள்ள சூடான கவசப் பொருளும் ஈர்ப்புக் குறைவுக்குக் காரணம் எனப் பின்னாளில் விளங்கியது. அதே புல்லார்ட் 1965இல், அட்லாண்டிக்கின் இருகரைக் கண்டங்களும் ஒன்றோடொன்று பொருந்துவதைக் கணினி கொண்டு காட்டிக் கண்ட நகர்வுக்கு ஆதரவளித்தார்.

கடலடியிலிருந்து வந்த விடை

1952இல் அமெரிக்காவின் லாமண்ட் ஆய்வகத்தில் மேரி தார்ப், கப்பல்கள் அளந்து வந்த ஆழங்களைக் கொண்டு வட அட்லாண்டிக்கின் தரைத்தோற்றத்தை வரைந்தார். பெண் என்பதால் அவரை அக்காலத்தில் ஆய்வுக் கப்பலில் ஏற்றவில்லை. கடல் நடுவே ஓடும் மலைத்தொடரின் முகட்டில் ஆழ்ந்த பிளவு ஒன்று இருப்பதை அவர் கண்டார். உடன் பணியாற்றிய புரூஸ் ஹீசன் அதை முதலில் ‘பெண்பிள்ளைப் பேச்சு’ என்று ஒதுக்கினார். நிலநடுக்க மையங்களைக் குறித்த வரைபடத்தை அருகில் வைத்துப் பார்த்தபோது, அவை அப்பிளவின் வழியே வரிசையாக அமைந்திருந்தன. கடலடிப் பிளவின் குறுக்குத் தோற்றம் கிழக்கு ஆப்பிரிக்கப் பள்ளத்தாக்கை ஒத்திருந்தது. 1960களில் கடற்தரை விரிவுக் கொள்கை நிலைபெற்றபோது இழுவிசையே காரணம் என்பது உறுதியாயிற்று. எனினும் இக்கண்டுபிடிப்பு பற்றிய தொடக்கக் கட்டுரைகள் பலவற்றில் தார்ப்பின் பெயர் இல்லை.

பிளவு உருவாகும் முறை

கவசத்திலிருந்து எழும் வெப்பம் மேலோட்டைக் குவிமாடம்போல் உயர்த்துகிறது. இருபுறமும் இழுபடும் மேலோடு மெலிந்து உடைகிறது. பிளவுகளுக்கு இடைப்பட்ட துண்டு கீழிறங்குகிறது. வெடிப்புகள் வழியே பாறைக்குழம்பு ஏறுகிறது. இழுப்பு நீடித்தால் கடல்நீர் புகுந்து புதிய கடல் பிறக்கும். செங்கடல் அவ்வாறு பிறந்ததே. இழுப்பு நின்றுவிட்டால் பள்ளம் வண்டலால் மூடப்படும். இந்தியா அண்டார்டிகாவிலிருந்து பிரிந்த காலத்தில் உண்டான இத்தகைய பள்ளங்கள் இன்றைய காவிரிப் படுகையின் அடியில் புதைந்துள்ளன.

அண்மைக்கால நிகழ்வுகள்

2005 செப்டம்பரில் அஃபார் பகுதியில் தபாகு எரிமலையருகே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறைக்குழம்பு நிலத்தடியில் புகுந்தது. சில நாள்களில் நிலம் சில இடங்களில் 8 மீட்டர் வரை விலகியதைச் செயற்கைக்கோள் ரேடார் பதிவுகள் காட்டின. அப்பகுதியில் தட்டுகள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டரே விலகுகின்றன. பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்த இழுப்பு சில நாள்களில் வெளிப்பட்டது எனலாம்.

2018 மார்ச்சில் கென்யாவின் மாய் மாகியு அருகே பெருமழைக்குப் பின் நிலம் வாய் பிளந்து, நெடுஞ்சாலை துண்டிக்கப்பட்டது. ஆப்பிரிக்கா இரண்டாகிறது என்று செய்திகள் பரவின. ஆனால் மென்மையான எரிமலைச் சாம்பல் மண்ணை மழைநீர் உள்ளே அரித்ததே அவ்வெடிப்புக்கு நேர்க்காரணம் என நிலவியலாளர் பலர் விளக்கினர். இவ்வேறுபாடு அங்கு வாழ்வோருக்கு முக்கியமானது. தட்டுகளின் விலகலை எவராலும் தடுக்க முடியாது. ஆனால் மழைநீர் வடியும் வழியை அறிந்து, சாலையையும் வீட்டையும் தக்க இடத்தில் அமைக்க முடியும்.