மான்டெரே சைப்ரசு எண்ணெய்

மான்டெரே சைப்ரசு எண்ணெய் என்பது குப்ரெசசு மேக்ரோகார்ப்பா என்னும் ஊசியிலை மரத்தின் இலைகளிலிருந்து நீராவியால் வடித்தெடுக்கப்படும் நறுமண எண்ணெய் ஆகும். இதற்கு மிதமான ஆக்சிசனேற்றத் தடுப்புத் தன்மை உண்டு.

மரம்

இம்மரத்தின் தாயகம் அமெரிக்காவின் கலிபோர்னியா கடற்கரை ஆகும். அங்கு இரண்டு சிறு தோப்புகளில் மட்டுமே இது இயற்கையாக வளர்கிறது. 1868ஆம் ஆண்டில் கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட நீலகிரியில் இது நட்டு வளர்க்கப்படுகிறது. ஊசியிலை மரங்களுள் ஒன்றாயினும் இதன் இலைகள் செதில் வடிவானவை. கொங்கு நாட்டு வீடுகளில் சளிக்குப் பயன்படும் நீலகிரித் தைலம் யூகலிப்டசு இலையிலிருந்து கிடைப்பதாகும். அது வேறு எண்ணெய்.

வேதிப்பொருள்கள்

ஆல்ஃபா பைனீன், சபினீன், காமா டெர்பினீன், டெர்பினென்-4-ஆல் ஆகியவை இவ்வெண்ணெயில் காணப்படுகின்றன. வளரும் இடம், பருவம் ஆகியவற்றிற்கேற்ப இவற்றின் விகிதம் மாறுபடும்.

செயற்படும் விதம்

இணையற்ற எலக்ட்ரானைக் கொண்ட தனி உறுப்புகள், கொழுப்பு மூலக்கூறுகளைத் தாக்கித் தொடர்வினையைத் தூண்டுகின்றன. எண்ணெய் காறிப்போவதற்கு இதுவே காரணம். ஐதரசன் அணுவைக் கொடுத்து இத்தொடரை அறுப்பவை ஆக்சிசனேற்றத் தடுப்பிகள் எனப்படும். ஓமத்திலுள்ள தைமால், கிராம்பிலுள்ள யூஜினால் ஆகிய பீனால்கள் இதனை நன்கு செய்கின்றன. சைப்ரசு எண்ணெயின் முதன்மைப் பொருள்கள் பீனால்கள் அல்ல. ஆயினும் காமா டெர்பினீன், தான் ஆக்சிசனேற்றமடையும்போது வெளிவிடும் தனி உறுப்புகளால் தொடர்வினையை முடித்து வைக்கிறது.

அளவிடும் முறை

டிபிபிஎச் என்னும் சேர்மத்தின் ஊதா நிறக் கரைசலில் எண்ணெய் சேர்க்கப்படுகிறது. தடுப்பாற்றல் இருப்பின் கரைசல் மஞ்சளாக மாறும். நிறமாற்றம் 517 நானோமீட்டர் அலைநீளத்தில் அளக்கப்படுகிறது. பாதித் தனி உறுப்புகளை நீக்கத் தேவைப்படும் செறிவு குறைவாக இருந்தால் ஆற்றல் மிகுதி எனக் கொள்ளப்படும். வைட்டமின் சி ஒப்பீட்டுப் பொருளாகப் பயன்படுகிறது.

வரம்புகள்

சோதனைக் குழாயில் கிடைக்கும் முடிவைக் கொண்டு, இவ்வெண்ணெய் மனித உடலில் நோயைத் தடுக்கும் எனக் கொள்ள இயலாது. மேலும், டெர்பீன்கள் தாமே காற்றுடன் வினைபுரிபவை. பைன் பிசினிலிருந்து பெறப்படும் டர்பன்டைனில் இவ்வாறு உருவாகும் பெராக்சைடுகள், வண்ணம் பூசுவோரிடையே தோல் ஒவ்வாமையை ஏற்படுத்தியுள்ளன. எனவே ஊசியிலை மர எண்ணெய்களை நிறமுள்ள கண்ணாடிக் குப்பியில், நன்கு மூடி, குளிர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். பழைய எண்ணெயைத் தோலில் தடவுதல் கூடாது.