இறக்கை ஆட்டிய மாமா

போன வாரம், 1948 ஜூன் 24 அன்று பெர்லினுக்குப் போகும் சாலை, ரயில், கால்வாய் எல்லாவற்றையும் சோவியத் படை அடைத்த இடத்தில் நிறுத்தியிருந்தோம். மேற்கு பெர்லினின் 20 லட்சத்துக்கும் அதிகமான மக்களுக்கு இனி மாவும் நிலக்கரியும் வானத்திலிருந்துதான் வர வேண்டும். ஜெனரல்களை இந்த வாரம் ஓரமாக உட்காரவைத்துவிட்டு, மாவு மூட்டை சுமந்துவந்த ஒரு விமானியைப் பார்ப்போம்.

பெயர் கெய்ல் ஹால்வர்சன். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கார்லண்ட் என்ற சிற்றூரில், சர்க்கரைக்கான பீட் கிழங்கு வயலில் வளர்ந்தவர். வேலையை விட்டுவிட்டு, தலைக்கு மேல் போகும் விமானத்தை அண்ணாந்து பார்க்கிற பிள்ளை. 1941-இல் விமானி உரிமம் வாங்கியதும் அப்பா அம்மாவின் பண்ணைக்கு மேலே பறந்து, விமானத்தின் இறக்கைகளை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினார். மேலே போவது நம் பிள்ளைதான் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமல்லவா!

1948 ஜூலையில் ஒருநாள், ஓய்வு நேரத்தில் கேமராவோடு பெர்லினின் டெம்பல்ஹோஃப் விமான நிலையத்துக்கு வந்திருந்தார். முள்கம்பி வேலிக்கு அப்பால் முப்பது பிள்ளைகள். பேசினார்கள். சாப்பாடு கொஞ்சமாகக் கிடைத்தாலும் சமாளிப்போம், எங்களைக் கைவிட்டுவிடாதீர்கள் என்றார்கள். மற்ற ஊர்களில் ராணுவச் சீருடையைக் கண்டாலே பிள்ளைகள் சாக்லெட் கேட்டு மொய்ப்பார்கள். இங்கே ஒரு கைகூட நீளவில்லை. கிளம்பிய ஹால்வர்சனைத் திரும்பி வரவைத்தது அதுதான்.

சட்டைப்பையில் இருந்தது இரண்டே இரண்டு சூயிங் கம். நான்கு துண்டாக்கிக் கொடுத்தார். கிடைக்காதவர்கள் அடித்துக்கொள்ளவில்லை, சுற்றியிருந்த காகிதத்தைக் கிழித்துப் பகிர்ந்து முகர்ந்து பார்த்தார்கள். அடுத்த முறை மேலிருந்து போடுகிறேன், பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். வரிசையாக வந்து இறங்கும் விமானங்களில் உங்களுடையது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கார்லண்ட் பண்ணையில் செய்ததையே சொன்னார்: இறக்கையை ஆட்டுவேன்.

அந்த வேகத்தில் விழும் சாக்லெட் தலையைப் பிளந்துவிடுமே! கைக்குட்டைகளைப் பாராசூட்டாகக் கட்டி, இருக்கைக்குப் பின்னால் இருந்த, ஒளிச்சுடர் வீசும் குழாய் வழியே தள்ளினார்கள். மேலதிகாரியிடம் அனுமதி வாங்கவில்லை. வாங்கப் போயிருந்தால் அந்தக் கோப்பு இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும் என்பது என் கணிப்பு. விஷயம் பத்திரிகையில் வந்து திட்டு விழுந்தது. ஆனால் மொத்த நடவடிக்கைக்கும் பொறுப்பான ஜெனரல் டன்னருக்குப் பிடித்துப்போயிற்று. மற்ற விமானிகளும் சேர்ந்தார்கள். அமெரிக்காவின் சிக்கோபியில் மாணவர்கள் பாராசூட் கட்டி அனுப்பினார்கள். இப்படி விழுந்த இனிப்பு 20 டன்னுக்கும் மேல்.

ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி புகார் எழுதினாள்: உங்கள் விமானச் சத்தத்தில் எங்கள் கோழிகள் முட்டையிடுவதில்லை, ஆனாலும் வெள்ளைக் கோழிகளைக் கண்டால் அங்கேயே போடுங்கள். கோழிகள் ஹால்வர்சனின் கண்ணில் படவே இல்லை. இனிப்பையும் கடிதத்தையும் தபாலில் அனுப்பினார்.

1949-இல் ஊர் திரும்பி ஆல்ட்டாவை மணந்தார். ஐந்து பிள்ளைகள். 1970-இல் அதே டெம்பல்ஹோஃப் தளத்துக்குத் தலைமை அதிகாரியாகக் குடும்பத்தோடு வந்தார். ஒரு பெர்லின் தம்பதி சாப்பிட வரும்படி விடாமல் அழைத்துக்கொண்டே இருந்தார்கள். ஒருநாள் போனார். வீட்டுக்காரம்மா அலமாரியைத் திறந்து, பழைய கடிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். கையெழுத்து ஹால்வர்சனுடையது. பிறகு, வெள்ளைக் கோழிகள் இருந்த இடத்தையும் காட்டினார்.

(தொடரும்)