எச்.ஐ.வி தொற்றுள்ளோரிடம் காசநோயைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனைகளின் வரலாறு

எச்.ஐ.வி தொற்றுடன் வாழ்வோரின் உயிரைப் பறிக்கும் நோய்களுள் முதன்மையானது காசநோய் ஆகும். இவர்களிடம் காசநோயை முன்கூட்டியே கண்டறிய இரத்தத்தைப் பயன்படுத்தும் முயற்சிகள் பல கட்டங்களைக் கடந்துள்ளன. அவற்றுள் சில பயன் தந்தன. சில தீங்கு விளைவித்ததால் கைவிடப்பட்டன.

பின்னணி

காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததை ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்தார். அதன் பின்னர் நெடுங்காலம் சளியை நுண்ணோக்கியில் பார்ப்பதே முதன்மையான சோதனையாக இருந்தது. 1981இல் எய்ட்ஸ் நோய் அறியப்பட்டதும் இம்முறையின் குறை வெளிப்பட்டது. எச்.ஐ.வி, சிடி4 என்னும் வெள்ளையணுக்களை அழிக்கிறது. எதிர்ப்பாற்றல் குன்றியவர்களின் நுரையீரலில் குழிகள் உருவாவது குறைவு. எனவே சளியில் கிருமிகள் குறைவாகவே காணப்படும். ஊடுகதிர்ப் படமும் இயல்பாகத் தோன்றலாம். நோய் இருந்தும் 'இல்லை' என்ற முடிவு வந்தால், சிகிச்சை தாமதமாகி நோயாளி இறக்க நேரிடும்.

இந்தியாவில் எச்.ஐ.வி தொற்று 1986இல் சென்னையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மருத்துவர் சுனிதி சாலமனும் அவரிடம் ஆய்வு மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலாவும் இதனைக் கண்டறிந்தனர். காசநோய் ஏற்கெனவே பரவியிருந்த நாட்டில் இது இரட்டைச் சுமையானது.

தோல் பரிசோதனை

1908இல் சார்லஸ் மான்டூ உருவாக்கிய முறையில், டியூபர்குலின் என்னும் மருந்து முன்கையின் தோலுக்குள் ஏற்றப்பட்டு, 48 முதல் 72 மணி நேரத்தில் தடிப்பு அளக்கப்படும். எதிர்ப்பாற்றல் குறைந்தவரிடம் தடிப்பு தோன்றாமலே போகலாம். எனவே எச்.ஐ.வி உள்ளோரிடம் 5 மில்லிமீட்டர் தடிப்பே தொற்றின் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. பி.சி.ஜி தடுப்பூசி போட்டவர்களிடம் தொற்று இல்லாமலும் தடிப்பு வரக்கூடும்.

பிறபொருளெதிரிச் சோதனைகளும் தடையும்

இரத்தத்தில் காசநோய்க்கு எதிரான பிறபொருளெதிரிகளைத் தேடும் சோதனைகள் மலிவாகவும் விரைவாகவும் இருந்தன. இந்தியாவின் தனியார் ஆய்வகங்களில் இவை பெருமளவில் செய்யப்பட்டன. ஆனால் முடிவுகள் நம்பத்தக்கவையாக இல்லை. நோயில்லாதோர் பல மாதங்கள் வீணாக மருந்து உட்கொண்டனர். நோயுற்றோர் பலர் தவறவிடப்பட்டனர். பிறபொருளெதிரி உற்பத்தியே சீர்குலைந்த எச்.ஐ.வி நோயாளிகளுக்கு இவை மேலும் பயனற்றவை. 2011 சூலையில் உலக சுகாதார நிறுவனம் இவற்றைப் பயன்படுத்தக் கூடாது என அறிவுறுத்தியது. 2012இல் இந்திய அரசு இவற்றின் இறக்குமதி, உற்பத்தி, விற்பனை ஆகியவற்றைத் தடை செய்தது.

இண்டர்பெரான்-காமா சோதனை

இச்சோதனையின் தொடக்கம் மாட்டுத் தொழுவத்தில் அமைந்தது. 1980களின் பிற்பகுதியில் ஆத்திரேலிய ஆய்வாளர்கள் மாடுகளின் காசநோயைக் கண்டறிய இதை உருவாக்கினர். இரத்தத்துடன் கிருமியின் புரதத்தைச் சேர்த்தால், அக்கிருமியை முன்பே சந்தித்த வெள்ளையணுக்கள் இண்டர்பெரான்-காமாவைச் சுரக்கும். மனிதருக்கான சோதனைக்கு அமெரிக்காவில் 2001இல் ஒப்புதல் கிடைத்தது. பின்னர் ஈசாட்-6, சி.எஃப்.பி-10 ஆகிய புரதங்கள் பயன்படுத்தப்பட்டன. இவை பி.சி.ஜி கிருமியில் இல்லாததால், தடுப்பூசியால் குழப்பம் நேர்வதில்லை.

எனினும் இச்சோதனை, உடலில் உறங்கும் தொற்றையும் முற்றிய நோயையும் வேறுபடுத்திக் காட்டாது. சிடி4 எண்ணிக்கை மிகக் குறைந்தவரிடம் 'உறுதியற்றது' என்ற முடிவும் வரலாம்.

சி-வினைப் புரதம்

அழற்சியின்போது கல்லீரல் சுரக்கும் இப்புரதம் 1930இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்டது. விரல் நுனியில் எடுக்கும் ஒரு துளி இரத்தத்தில் சில நிமிடங்களில் இதை அளக்கலாம். உகாண்டாவில் நடந்த ஆய்வுகள், எச்.ஐ.வி உள்ளோரிடம் காசநோய்க்கான முதற்கட்ட வடிகட்டலுக்கு இது உதவும் எனக் காட்டின. 2021இல் உலக சுகாதார நிறுவனம், லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் என்ற வரம்புடன் இதனைப் பயன்படுத்தலாம் எனப் பரிந்துரைத்தது. பிற தொற்றுகளிலும் இப்புரதம் உயரும் என்பதால், மூலக்கூற்றுச் சோதனை போன்றவற்றால் நோயை உறுதி செய்ய வேண்டும்.

இன்றைய நிலை

இருமல், காய்ச்சல், எடை குறைதல், இரவு வியர்வை ஆகிய நான்கு அறிகுறிகளை ஒவ்வொரு வருகையிலும் கேட்டறிவது இன்றும் அடிப்படையாக உள்ளது. எந்த இரத்தச் சோதனையும் தனித்து நின்று காசநோயை உறுதி செய்வதில்லை. யாரை உடனே மேலும் சோதிக்க வேண்டும், யாருக்குத் தடுப்பு மருந்து கூடுதலாகப் பயன்படும் என்பவற்றை முடிவு செய்யவே இவை உதவுகின்றன. சோதனை வசதி இல்லை என்பதற்காக எச்.ஐ.வி உள்ளோருக்குத் தடுப்பு மருந்தைத் தாமதப்படுத்தக் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது.