காற்றுக்கு இரண்டு கணக்கு

ஆனி, ஆடியில் குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டு வருவதும், கிழக்கே சுரண்டை, ஆலங்குளம் பக்கம் காத்தாடிகளைச் சுற்ற வைப்பதும் ஒரே காற்றுதான்: செங்கோட்டைக் கணவாய் வழியே இறங்கும் தென்மேற்குப் பருவக்காற்று. சாரலுக்கு யாரும் கணக்கு எழுதுவதில்லை. காத்தாடிக்கு இரண்டு கணக்கு எழுதினார்கள்.

முதல் கணக்கு 1990களுடையது. காற்றாலையின் விலை முழுவதையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் காட்டி வருமானவரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்றது அரசு. நூற்பாலைகள் வந்தன; சொந்த மின்சாரமும் கிடைத்தது. இது லாபக்கணக்கு. இதில் ஒளிவுமறைவு இல்லை.

இரண்டாவது கணக்கு, 1997இல் கியோட்டோவில் ஏற்கப்பட்டு 2005இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின் பிள்ளை. இங்கே காத்தாடி நட்டு, அதனால் 'தவிர்க்கப்பட்ட' கரிப்புகையைக் கார்பன் கிரெடிட்டாக ஐரோப்பியக் கம்பெனிக்கு விற்க முடிந்தது. அதைக் காட்டி அவர்கள் அங்கே புகையைத் தொடர முடிந்தது. நிபந்தனை ஒன்று: இந்தப் பணம் வராவிட்டால் இந்தக் காத்தாடி எழும்பியே இருக்காது என்று நிறுவவேண்டியிருந்தது. அதாவது, வரி அலுவலகத்தில் லாபம் பேசிய தொழில் ஐ.நா. படிவத்தில் நஷ்டம் பேசவேண்டியிருந்தது.

2021இல் ரஃபேல் காலெல் முதலிய நான்கு பொருளியலாளர்கள் இந்தியக் காற்றாலைகளை ஆராய்ந்தார்கள். அனுமதிக்கப்பட்ட கிரெடிட்டுகளில் குறைந்தது 52 சதவீதம், எப்படியும் கட்டப்பட்டிருக்கக்கூடிய ஆலைகளுக்கே போயிருக்கிறது என்றார்கள். காத்தாடி நிஜம், மின்சாரமும் நிஜம். 'தவிர்த்தோம்' என்ற வினைச்சொல்லில்தான் பொய் குடியிருக்கிறது.

பொய்க்கு எதிரான புகாருக்கும் வரலாறு உண்டு. கனடாவின் தார்மணல் எண்ணெயைச் சூழலுக்கு உகந்ததுபோல் ஷெல் கம்பெனி விளம்பரம் செய்தபோது, 'டபிள்யூ.டபிள்யூ.எஃப்.' கொடுத்த புகாரை பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் 2008இல் ஏற்றது. இந்தியாவில் விளம்பரத் தரக் கவுன்சிலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் பசுமைப் பொய்களுக்கென விதி வகுத்தது 2024இல்தான். நல்லது. ஆனால் இவ்விதிகள் நுகர்வோர் பார்க்கும் விளம்பரத்தை மனதில் வைத்தவை. கிரெடிட் வியாபாரத்தில் விற்பவர், வாங்குபவர் இருவருக்குமே பொய்யால் நஷ்டமில்லை. பிறகு யார் புகார் கொடுப்பார்? சுரண்டைக்காரர் அந்தச் சந்தையில் நுகர்வோரே கிடையாது. திட்ட ஆவணம் ஆங்கிலத்தில். கருத்துச் சொல்ல 30 நாள். 'உள்ளூர் மக்களைக் கலந்தோம்' என்றும் அதில் ஒரு பகுதி உண்டு. யார்கிட்ட கேட்டாங்க, எந்த மொழியில கேட்டாங்க?

குற்றாலக் குறவஞ்சியில் மலைவளம் சொல்பவள் குறத்தி. அந்த மலையின் காற்றுவளத்தை இன்று கம்பெனி சொல்கிறது, ஊர் கேட்டுக்கொண்டிருக்கிறது. காத்தாடி வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் விவாதித்துக்கொண்டிருந்தால் போதாது. அந்த ஆவணங்களைத் தமிழில் கொண்டுவந்து, ஊர்க்கூட்டத்தில் வாசித்து, இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். புகார் கொடுக்கும் உரிமை காற்று வீசும் ஊருக்கும் இருக்கிறது.