பிச்சாவரத்தில் தேங்கிய தண்ணீர்

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவில், ஏறத்தாழ 1,100 ஹெக்டேரில் ஐம்பதுக்கும் மேற்பட்ட திட்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது பிச்சாவரம் சுரபுன்னைக் காடு. படகில் போகிறவர்கள் இரு பக்கமும் பச்சை மதிலாக நிற்கும் மரங்களைப் பார்த்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்த மதிலுக்குப் பின்னால் திட்டின் நடுவயிற்றில் என்ன இருக்கிறது என்று படகிலிருந்து தெரியாது. பல திட்டுகளில் நடுப்பகுதி பல வருடம் மொட்டையாகவே கிடந்தது. ஓரத்தில் மரம், உள்ளே உப்புப் பூத்த வெற்றுச் சேறு. நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு நிலத்தைப் பார்த்தால், அதில் என்ன விளைகிறது என்று கேட்பதற்கு முன் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்பது எங்கள் பழக்கம். பிச்சாவரத்தின் நூறு வருடக் கதையை அந்தக் கேள்வியோடு படித்தால்தான் பிடிபடும்.

அதற்கு முந்தைய கதை கோயிலோடு சேர்ந்தது. சிதம்பரத்தின் தலமரம் தில்லை. இன்று ஊருக்குள் தில்லை மரத்தைத் தேடினால் கிடைக்காது. இந்தக் கழிக்காட்டுக்குத்தான் வர வேண்டும். ஒடித்தால் பால் வடியும், கண்ணில் பட்டால் பார்வைக்கு ஆபத்து என்பதால் விறகு வெட்டுகிறவர்கள்கூட அதைத் தள்ளியே வைப்பார்கள். பிச்சாவரம் ஜமீன் குடும்பம் தங்களைச் சோழர் வழியினர் என்று சொல்லிக்கொண்டது; தில்லைத் தீட்சிதர்கள் கையால் முடிசூட்டிக்கொள்ளும் மரபும் அவர்களுக்கு இருந்தது. மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். வழியில் ஒரு தர்காவின் சார்பில் முஸ்லிம்கள் மரியாதை செய்வார்கள். இவ்வளவு பெருமையும் காட்டின் ஓரமாகத்தான் நடந்தது. காட்டுக்கு உள்ளே இறால், நண்டு, கழிமீன், விறகு. யாரும் அதற்குத் திட்டம் போடவில்லை.

திட்டம் வெள்ளைக்காரர் காலத்தில் வந்தது. 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்த பிறகு, காடு என்றால் அதற்கு ஒரு வேலைத் திட்டம், ஒரு சுழற்சி, ஒரு வருமானக் கணக்கு என்றாயிற்று. இந்திய வனத்துறையின் முதல் தலைவர் டீட்ரிஷ் பிராண்டிஸ் ஜெர்மானியர். அந்த நாட்டு முறைப்படி காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, வருடத்துக்கு ஒரு துண்டை அடியோடு வெட்டி, கடைசித் துண்டு முடிவதற்குள் முதல் துண்டு மறுபடி வளர்ந்து நிற்கும்படி கணக்குப் போடுவார்கள். அந்தத் துண்டுக்குக் கூப்பு என்று பெயர். தேக்குக்குப் பொருந்திய கணக்கு இது. மேட்டு நிலத்தில் மரத்தை வெட்டினாலும் நிலம் அங்கேயேதான் இருக்கும். கன்று வைத்தால் வரும், வைக்காவிட்டால் அடிமரமே துளிர்க்கும். அதே கணக்கை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு நாளைக்கு இரண்டு முறை தண்ணீர் ஏறி இறங்கும் சேற்றுக்கும் பொருத்திவிட்டார்கள். வரைபடத்தில் எல்லைக்கோடு நேராகத்தான் வந்திருக்கும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கூப்பு ஏலம் போகும். விறகு தோணியில் ஏறும். சுதந்திரத்துக்குப் பிறகும் இது நிற்கவில்லை. 1970-கள் வரை ஓடியது. 1975-இல் வெளிவந்த ‘இதயக்கனி’யில் எம்.ஜி.ஆர். இந்தக் கால்வாய்களில் படகோட்டிய காட்சிகளைப் பார்த்துத்தான் வெளியூர்க்காரர்களுக்குப் பிச்சாவரம் என்று ஓர் ஊர் இருப்பதே தெரிந்தது. கேமரா பார்த்ததும் ஓரத்து மரங்களைத்தான்.

சின்ன வயதில் கூப்பில் விறகுச் சுமை தூக்கிய பெரியவர் ஒருவரைக் கிள்ளையில் சந்தித்துப் பேசியிருக்கிறேன். “வெட்டினதுக்கு அப்புறம் என்ன ஆச்சுங்கய்யா?” என்று கேட்டேன்.

“வெட்டுறப்ப ஒண்ணும் தெரியல தம்பி. அப்புறந்தான் பார்த்தோம், உள்ள வந்த தண்ணி திரும்பிப் போவல. அங்கேயே நின்னு காயுது. காஞ்சா உப்பு. காலை வெச்சா எரியும்.”

அவர் சொன்னதற்கு மேல் விஞ்ஞானம் சேர்க்க வேண்டியது கொஞ்சம்தான். சுரபுன்னைச் சேறு மண்ணும் வேரும் தண்ணீரும் கலந்தது. மேலே இலைக்கூரை இருக்கிற வரை வெயில் சேற்றைத் தொடாது. கூரையை ஒரே நாளில் பிரித்துவிட்டால் வெயில் நேராக விழும், சேற்றிலுள்ள ஈரம் ஆவியாகும், செத்த வேர் மக்கும், தரை அமுங்கும். சில அங்குலம் அமுங்கினால் போதும். இந்தக் கரையில் ஓதத்தின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையேயான உயர வித்தியாசமே ஒரு மீட்டருக்குள்தான். அவ்வளவு குறைந்த ஏற்றவற்றத்தில் சில அங்குலம் என்பது மிகப் பெரிய அளவு. திட்டு தாம்பாளம் போல ஆகிவிட்டது: விளிம்பு உயரம், நடு பள்ளம். பெரிய ஓதத்தில் உள்ளே வந்த நீர் வெளியேற வழியின்றி நின்று, வெயிலில் சுண்டி, உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போனது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதைச் சுரபுன்னை தாங்கும். வெண்கண்டல் தன் இலை வழியாகவே உப்பைக் கக்கிவிடும். ஆனால் கடலைவிடக் கடுத்துப்போன சேற்றில் அதன் விதையும் கருகும். உமரிச் செடி மட்டும் அங்கங்கே தலைகாட்டும்.

தரைமட்டத்தை யாரும் அளக்கவில்லை. அதனால் குற்றவாளியைத் தேடுவது சுலபமாயிற்று. மாடு மேய்க்கிறவர்களும் விறகு பொறுக்குகிறவர்களும் காட்டை அழிக்கிறார்கள் என்ற பேச்சு வெகுகாலம் நின்றது. பழி விழுந்தவர்களில் இருளர்களும் உண்டு. நிலக்காரர்களிடம் கூலிக்கும் காவலுக்கும் இருந்துவிட்டுக் கழிக்கரைக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் அவை. படகு இல்லை, வலை இல்லை; இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, வேர்ச் சந்துகளில் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள், இரண்டு கையும் வேண்டுமே. வேர் செத்தால் முதலில் பட்டினி கிடப்பவர்கள் இவர்கள்தான். அவர்களையே காட்டுக்கு எதிரி என்றார்கள். கூப்பு ஏலம் எடுத்தவர்களின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது.

திருப்பம் 1990-களில் வந்தது. வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன் 1988-இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் இந்தக் காட்டில் இறங்கியது. கடல்மட்டம் உயரும் காலத்துக்குச் சுரபுன்னைக் காடுகள் வேண்டும் என்று அவர் 1989-இலேயே பேசத் தொடங்கிவிட்டார். இன்று எல்லார் வாயிலும் இருக்கிற ‘இயற்கை வழித் தீர்வு’ என்ற சொல் அப்போது புழக்கத்தில் இல்லை. அவருடைய ஆட்கள் செய்த முதல் நல்ல காரியம், கன்று வாங்கப் போகாமல் தரையையும் உப்பையும் அளந்தது. காடு அழிந்ததற்கு மக்கள் முதற்காரணம் இல்லை, அடியோடு வெட்டிய முறைதான் முதற்காரணம் என்று ஆய்வு சொல்லிற்று. அளவைக்காரனாக எனக்கு இதில் ஒரு திருப்தி.

நோய் தேங்கிய தண்ணீர் என்று தெரிந்த பிறகு மருந்து வாய்க்கால்தான். இயற்கையான ஓடையிலிருந்து ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் ஒரு தாய் வாய்க்கால். அதிலிருந்து இரு புறமும் ஏறத்தாழ 30 பாகையில் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள். சாய்வாக வெட்டியதில் காரணம் இருக்கிறது: ஓதம் ஏறும்போது நீர் முட்டாமல் நுழையும், இறங்கும்போது இழுத்துக்கொண்டு வெளியேறும். வாய்க்காலின் பக்கங்களும் செங்குத்து இல்லை, சரிவு. சரிவின் இடைமட்டத்தில், ஏற்றத்தில் நனைந்து வற்றத்தில் வெளியே தெரியும் உயரத்தில்தான் கன்று வைக்க வேண்டும். கீழே வைத்தால் மூழ்கிச் சாகும், மேலே வைத்தால் உப்பில் சாகும். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது தோட்டக்காரன் வேலை இல்லை, மட்டம் பார்க்கிறவன் வேலை.

வெட்டியது உள்ளூர்க்காரர்கள், மண்வெட்டியும் கூடையுமாக. முழங்கால் புதையும் சேற்றில் ஒரு கூடை மண்ணைக் கரையேற்றுவது எவ்வளவு பாடு என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும். வெட்டிய மறுநாளே கன்று வைக்கவும் முடியாது. ஓதமும் வடகிழக்குப் பருவமழையும் உப்பைக் கழுவிக்கொண்டு போக வேண்டும். வனத்துறை, நிறுவனம், கிராம மன்றம் மூன்றும் சேர்ந்து பொறுப்பேற்கும் கூட்டு மேலாண்மை 1990-களின் பிற்பகுதியில் வந்தது. கனடா நாட்டு நிதியும் சேர்ந்தது. கையால் இறால் பிடிக்கிறவர்கள் முதல்முறையாகக் காட்டைப் பற்றிய கூட்டத்தில் உட்கார்ந்தார்கள். செயற்கைக்கோள் படங்களை வைத்து 2003-இல் வெளியான ஆய்வின்படி, பதினைந்து வருடத்தில் பிச்சாவரத்தின் மரப்பரப்பு சுமார் 90 விழுக்காடு கூடியிருந்தது. முத்துப்பேட்டைச் சுரபுன்னைக் காட்டிலும் இதே வெட்டு, இதே பள்ளம், இதே வாய்க்கால். அந்தக் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு 2004 டிசம்பர் 26, சுனாமி. காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளில் சேதம் குறைவு. கடலுக்கும் காட்டுக்கும் நடுவே மணல்மேட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டில் பேரழிவு. அடுத்த வருடமே ‘சயன்ஸ்’ ஆய்விதழில் கடலூர் மாவட்டக் கரையைப் பற்றிய கட்டுரை வந்தது: அடர்ந்த மரத்துக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பின என்றது. பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்தவர்களும் அதையே எழுதினார்கள். உடனே மறுப்பும் வந்தது. தப்பிய ஊர்கள் கடலிலிருந்து தொலைவிலும் இருந்தன, மேட்டிலும் இருந்தன. மரத்துக்கு மட்டும் பெருமை கொடுப்பது கணக்குப்படி சரியில்லை என்றார்கள் வேறு ஆய்வாளர்கள். எங்கள் பக்கத்தில் இந்த மறுப்பைப் பற்றிப் பேசினால் கோபப்படுகிறார்கள். எனக்கு மறுப்பில் நியாயம் இருப்பதாகவே படுகிறது. மரம் அலையின் வேகத்தை உடைக்கும். ஆனால் எந்த அலையையும் தடுக்கும் சுவர் என்று நம்பி அதன் முன்னால் வீடு கட்டக் கூடாது. ஒரு நல்ல விஷயத்தை அளவுக்கு மீறிப் புகழ்ந்தால், அடுத்த புயலில் அது பொய்த்த பிறகு யாரும் அதை நம்பமாட்டார்கள்.

பருவநிலைப் பேச்சிலும் இதே ஆபத்தைப் பார்க்கிறேன். சுரபுன்னை கரிமத்தைச் சேமிப்பது உண்மை. ஆனால் சேமிப்பின் பெரும்பங்கு மரத்தில் இல்லை, சேற்றில் இருக்கிறது. காற்று புகாத அந்தச் சேற்றில் இலையும் வேரும் மக்காமல் அடுக்கடுக்காகத் தங்குகின்றன. அதனால்தான் கூப்பு வெட்டு இரட்டை நட்டம். மரத்தில் இருந்தது விறகாக எரிந்தது, சேற்றில் இருந்தது காய்ந்து காற்றோடு போனது. கடல் உயரும்போது காடும் வண்டலைப் பிடித்துத் தன் தரையை உயர்த்திக்கொள்ளும் என்பதும் உண்மைதான், வண்டல் வந்தால். வண்டலும் நன்னீரும் கொள்ளிடத்தில் வர வேண்டும். 1934-இல் மேட்டூர் அணை எழுந்த பிறகு காவிரியின் பெருவெள்ளம் கடைமடைக்கு வருவது அணைக்கதவைப் பொறுத்ததாகிவிட்டது. வாய்க்கால் வெட்டிப் பக்கத்துப் பள்ளத்தைச் சரிசெய்யலாம். ஆற்றின் தலையில் நடப்பதை வாய்க்கால் சரிசெய்யாது.

2022-இல் பிச்சாவரம் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 2023-24 மத்திய பட்ஜெட்டில் அலையாத்தி என்றும் சொல்லப்படும் சுரபுன்னைக் காடுகளுக்கென்றே ‘மிஷ்டி’ என்ற திட்டம் அறிவித்தார்கள். இரண்டும் நல்லதுதான். ஆனால் மேடைகளில் கேட்கிற எண்ணிக்கை எப்போதும் எத்தனை லட்சம் கன்று என்பதுதான். எத்தனை மீட்டர் வாய்க்கால், அதில் எத்தனை இன்னும் ஓடுகிறது என்று ஒருவரும் சொல்வதில்லை. மீன்முள் வாய்க்கால்கள் தானாகத் தூர்ந்துவிடும். கரைச் சேறு மழையில் சரிந்து உள்ளே விழும். வருடந்தோறும் தூர்வாராவிட்டால் பழைய பள்ளம் பழையபடி தண்ணீரை நிறுத்திக்கொள்ளும். நட்ட கன்று அங்கே படத்துக்கு நிற்கும், மரமாகாது.

ஜூலை 26 உலக அலையாத்திக் காடுகள் தினம். அன்று பள்ளிகளிலிருந்தும் கம்பெனிகளிலிருந்தும் கன்று நட ஆட்கள் வருகிறார்கள். வருகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நடப்போகிற இடத்தில் ஓதம் ஏறி இறங்குவதை ஒரு முழு நாள் இருந்து பாருங்கள். தண்ணீர் திரும்பிப் போகாத இடமாக இருந்தால், கன்றுக்கு வைத்திருக்கும் பணத்தைத் தூர்வாரும் கூலிக்குக் கொடுத்துவிடுங்கள். அந்தக் கூலி கழிக்கரைக் குடும்பங்களுக்கே போகும். பக்கத்தில் தாய்மரம் இருந்தால் விதையை ஓதமே கொண்டுவந்து சேர்க்கும்.